முப்பத்தேழாம் இடம்

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் நகர்த்திவிட்டு எழுந்துபோன கம்பி, இந்த வாரமும் அந்த வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூடத்து சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். கேட்டதற்கு ஒரு "ம்". கேட்காததற்கு அதுவும் இல்லை.

பாப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததிலிருந்து சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து தரையைத் தேய்த்தாள். பால் பொங்கி வழிந்தது, ஓடிப்போய் அணைத்தாள். அணைத்த அடுப்பிலேயே வேறு பாத்திரத்தை ஏற்றி, அது சூடாகும் என்று வெகுநேரம் காத்துக்கொண்டும் இருந்தாள். ஐம்பதைத் தொடப்போகிறவளைப் பாப்பா என்று கூப்பிடுவது வேடிக்கைதான். ஆனால் தொட்டிலில் வைத்த செல்லப்பெயர் பலபேருக்கு ஓய்வூதியம் வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது.

கம்பி அவளுடைய ஒரே தம்பி. ஆள் ஒல்லி, வாசிப்பது பேஸ் கிட்டார், இரண்டுக்கும் சேர்த்து நண்பர்கள் வைத்த பெயர் அது. 'ஈரத் தீப்பெட்டி' என்ற ராக் குழுவின் நால்வரில் ஒருவன். குழு ஓகோ என்றிருந்த காலத்திலேயே, பெயருக்கு ஏற்றபடி ஒருநாள் கம்பி நீட்டிவிட்டான். அத்தோடு குழுவும் உடைந்தது. அதன்பிறகு ஊர் ஊராக, வேலை வேலையாக அலைந்தான். அக்காவுக்கு வருஷத்துக்கு ஒரு போன் வந்தால் அதிகம். இப்போது பதினைந்து வருஷம் கழித்து நால்வரும் ஒரே மேடையில் ஏறப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கம்பியும் ஒரு தோள்பையோடும் கிட்டாரோடும் அக்கா வீட்டில் வந்து இறங்கினான். அன்றைக்கே வாசல் சாவியில் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள் பாப்பா. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வந்த உயிரை மறுபடி வாங்கப் பார்த்தவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

அவரை எல்லோரும் பல்லுக்காரர் என்பார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஈரத் தீப்பெட்டியின் ரசிகர் என்று அவரைச் சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். பெண்டாட்டியின் தம்பியே அந்தக் குழுவில் இருந்தும், மற்ற மூவரில் யாரையாவது நேரில் பார்த்தால் மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குழு மறுபடி சேர்கிறது என்றதும் ஓர் இணைய இதழ் அவரிடம் கேட்டது: அவர்கள் போட்ட முப்பத்தேழு பாட்டையும் பிடித்த வரிசையில் அடுக்கி எழுதித் தரமுடியுமா? மனிதர் சொர்க்கத்தில் மிதந்தார். அரத்தால் பல்லை ராவிக்கொண்டே கேட்டார், கேட்டுக்கொண்டே ராவினார். இரண்டு பேருக்குக் கடைவாய்ப்பல் இடம் மாறிப்போனது என்றும் ஒரு பேச்சு உண்டு.

வரிசை வெளிவந்தது. முதலிடம் 'இரைச்சல் எங்கள் தொழில்'. இரண்டாமிடம் 'மொட்டைமாடி மழை'. "இதைக் கேட்டபின் குடை வாங்குவதை விட்டுவிட்டேன்" என்று அதற்குக் குறிப்பு. இருபத்து மூன்றாம் இடத்தில் 'ஈர விறகு': "கிட்டார் அழுகிறது, சரி. பாடுகிறவர் ஏன் அழுகிறார் என்று இன்றுவரை புரியவில்லை." முப்பத்தாறாவது: "பாட்டும் தாளமும் தனித்தனி வண்டியில் ஊருக்குப் போன பாட்டு." படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்து, நாலு பேருக்கு அனுப்பினார்கள்.

முப்பத்தேழாம் இடத்தில், கடைசியிலும் கடைசியாக, 'பூட்டாத வீடு'. கம்பி எழுதி, கம்பியே பாடிய ஒரே பாட்டு அதுதான். அதற்குக் கீழே பல்லுக்காரர் ஒரே வரி எழுதியிருந்தார்: "இதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை."

அந்த வரியைச் சாப்பிட்டுக்கொண்டே போனில் படித்துத்தான் கம்பி தட்டை நகர்த்தினான்.

இன்றைக்குச் சாயங்காலம் குழுவின் பாடகர் வருகிறார். இடி என்று பெயர் வாங்கியவர். மேடையில் எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு என்று கம்பியோடு உட்கார்ந்து முடிவுசெய்யத்தான் வருகிறார். கம்பி மேடையேற ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தான்: அவனுடைய அந்த ஒரு பாட்டு வேண்டும். அது இல்லை என்றால் அவன் இல்லை. அவன் இல்லை என்று கிளம்பினால், அடுத்த பதினைந்து வருஷத்துக்கு எங்கே என்று தேடுவது? பாப்பாவின் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

வேலைக்குக் கிளம்புமுன் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரர் ஒரு மேல்வரிசைப் பல்செட்டை ராவிக்கொண்டிருந்தார். மேஜையெல்லாம் பிளாஸ்டர் அச்சுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று இளித்தன.

"சாயங்காலத்துக்குள்ள அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க" என்றாள்.

"என்னத்தப் பேச?"

"ஏன் கடைசியில வெச்சீங்கன்னாவது சொல்லுங்க."

அவர் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அது இருக்கவேண்டிய இடத்துலதான் இருக்கு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள்; இந்த மனிதர் அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்வார். பாப்பா கதவை அடித்துச் சாத்தினாள். அந்தக் கதவைச் சாத்துவது அவளுக்குப் பழகிப்போன வேலை. பின்னறையில் ஈரத் தீப்பெட்டி முழங்க ஆரம்பித்தால், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்துபோய்ச் சாத்திவிடுவாள். இரைச்சல், தலைவலி என்பாள். பல்லுக்காரரும் அதற்குமேல் கேட்டதில்லை.

பாப்பா வேலை பார்ப்பது ஓட்டல்களுக்கு வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவை ஆலையில். படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் சூட்டு உருளைகளுக்குள் போய் மறுபக்கம் மொடமொடவென்று வெளிவரும். அதை மடித்து, அடுக்கி, எந்த ஓட்டலுக்கு எது என்று பார்த்து வண்டியில் ஏற்றும் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. நீலக் கரை விரிப்பு ஓர் ஓட்டலுக்கு, பச்சைக் கரை இன்னொன்றுக்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தப்பு வராது என்று பேர் வாங்கியவள், அன்றைக்கு இரண்டையும் மாற்றி ஏற்றிவிட்டாள். போன வண்டியைப் போன் போட்டுத் திருப்ப வேண்டியதாயிற்று. முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்ததோடு சரி.

மடிக்கும் மேஜையில் எதிரே நின்ற பெண்ணும் சும்மா இருக்கவில்லை. பல்லுக்காரர் எழுதியதைப் படித்துவிட்டாளாம், ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்தாளாம். "அந்தக் கடைசிப் பாட்டு அவ்வளவு மோசமாக்கா?" என்று விரிப்பின் ஒரு முனையைக் கொடுத்தபடி கேட்டாள்.

பாப்பா முனையை வாங்கி மடித்தாள்.  அவளுக்கே பதில் தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

மத்தியானம் மூட்டை ஏற்றும் முற்றத்தில் கம்பி வந்து நின்றான். தோளில் பை இருந்தது. கிட்டார் இல்லை. 

"ஏழு மணி பஸ்ல போறேன்க்கா" என்றான்.

"சாயங்காலம் இடி வர்றாரேடா."

"அவர் வர்றதே என் பாட்டைப் பட்டியல்லேர்ந்து எடுக்கத்தான். காலையில போன்லயே சொல்லிட்டாரு. ரசிகருங்களே கடைசியில வெச்ச பாட்டை மேடையில எப்படிப் போடறதுன்னு கேக்கறாரு."

பாப்பா பொரிந்து தள்ளினாள். அந்த மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டது, ஊரார் பல்லையெல்லாம் கட்டிக்கட்டித் தன் வாயைக் கட்டத் தெரியாமல் போய்விட்டார், நாளைக்கே மாற்றி எழுத வைக்கிறேன், முதலிடத்தில் வைக்கச் சொல்கிறேன், நீ பையைக் கீழே வை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் பையைக் கீழே வைக்கவில்லை.

"அத்தான்மேல எனக்குக் கோவம் இல்லக்கா" என்றான். "அவர் முப்பத்தேழையும் கேட்டாரு, கேட்டுட்டு என்னைக் கடைசியில வெச்சாரு. நீ என்னை வரிசையிலயே வைக்கலியே."

பாப்பா ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அந்தப் பாட்டை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டிருக்கியா?"

கேட்டிருக்கிறேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வெளியே விட முடியவில்லை. 

"சரிக்கா. கிட்டாரை அத்தானே வெச்சுக்கட்டும்" என்றான். பக்கத்திலிருந்த துணிமூட்டையைக் குழந்தையைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடந்தான். 

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஈரத் தீப்பெட்டிக்கு வெளியூரில் மேடை. அப்பா, பையன் எங்கே, பையன் எங்கே என்று இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. கம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பாப்பா தம்பியை ஒரு வார்த்தை ஏசவில்லை. அவனை ஏச மனம் வரவில்லை. அதனால் அந்தப் பாட்டுகளை வெறுத்தாள், அப்போதுதான் வெளிவந்திருந்த அவன் பாட்டையும் சேர்த்து. அந்த மாதமே அவன் குழுவையும் வீட்டையும் விட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் சாத்தியது பின்னறைக் கதவை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் தம்பியும் நின்றிருக்கிறான் என்பது இப்போதுதான் உறைத்தது.

அதற்குப்பின் வேலையில் கை நிற்குமா? போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தான். முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்றைக்கு உண்மையாகவே தலை வலித்தது. வழியெல்லாம் ஒரே கணக்குதான் ஓடியது. வீட்டுக்காரரைப் பேருந்து நிலையத்துக்கு விரட்ட வேண்டும். அவர் வாயாலேயே ஒரு சமாதானம் சொல்ல வைக்க வேண்டும். இடியிடம் இரண்டில் ஒன்று கேட்க வேண்டும்.

வீடு மூன்றாம் மாடியில். அப்பா காலத்திலிருந்து அதே வீடு, அதே மாடிப்படி. கீழே ஒருவர் தும்மினால் மேலே எல்லோருக்கும் கேட்கும், அப்படி ஓர் எதிரொலி. படி நெடுக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் நின்றார்கள். இடி வந்துவிட்டார் என்பது அவர்கள் கழுத்து நீண்டிருந்த விதத்திலேயே தெரிந்தது. பல்லுக்காரர் கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு, எட்டிப் பார்த்த தலைகளை விலக்கி, மறுபடி தாழ்ப்பாளைப் போட்டார். கையில் இன்னும் அந்த மேல்வரிசைப் பல்செட்டை வைத்திருந்தார். கீழே வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஒரு காலத்தில் குரலெடுத்தால் கண்ணாடி அதிரும் என்பார்கள் இடியை. இப்போது மூன்று மாடி ஏறியதில் முழங்காலைப் பிடித்தபடி, கம்பி காலையில் படுத்திருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது. சுவரோரம் கம்பியின் கிட்டார் உறைக்குள் சாய்ந்திருந்தது.

"கம்பி எங்கம்மா?" என்றார்.

"போயிட்டான்."

அவர் ஆச்சரியப்படவில்லை. பழக்கதோஷம் என்று முணுமுணுத்தார். அதுதான் பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டது. அவனை அன்றைக்கு மேடையிலிருந்து இறங்க விடாததும் நீங்கள், இன்றைக்கு ஏற விடாததும் நீங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.  தெய்வத்தைப் பெண்டாட்டி திட்டும்போது பக்தன் எந்தப் பக்கம் நிற்பது?

இடி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவனை அனுப்பியிருக்க வேண்டும் என்று தணிந்த குரலில் ஒப்புக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"ஆனா இது நான் சொல்றது இல்லம்மா, உங்க வீட்டுக்காரர் சொல்றது. 'இதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.' ஒரு பாட்டை இதைவிட எப்படித் திட்டறது?"

பல்லுக்காரர் ஒட்டிக்கொண்ட நாக்கை எங்கிருந்தோ பெயர்த்து எடுத்தார்.

"திட்டலைங்க" என்றார். "வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடறோம். வந்தவங்க எல்லாம் சாப்பிட்டு எழுந்தப்புறம், கடைசிப் பந்தியிலதானே வீட்டுக்காரங்க உக்காருவாங்க? அது எங்க வீட்டுப் பாட்டுங்க. அதைக் கொண்டுபோய் முதல் பந்தியில உக்கார வெச்சா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"அப்ப, சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதினது?"

"நம்ம வீட்டைப் பத்தி நாமளே என்னத்தச் சொல்லிக்கறது?"

இடி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். பாப்பாவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இத்தனை நாளும் இதைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதாம். தம்பியின் தட்டு நகர்ந்தபோதே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

"அவன் எழுதினதால நம்ம வீட்டுப் பாட்டா?" என்று கேட்டாள்.

பல்லுக்காரர் விழித்தார். "என்ன கேக்கறே? நீ அதைக் கடைசி வரைக்கும் கேட்டதே இல்லியா?"

ஒரே நாளில் இரண்டாம் தடவை அதே கேள்வி. பாப்பா கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "போடுங்க" என்றாள்.

பல்லுக்காரர் பட்டறையிலிருந்து ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பல்செட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். பாட்டு ஆரம்பித்தது.

அவள் பயந்த இரைச்சல் எதுவும் வரவில்லை. முரசு இல்லை, இடியின் குரல் இல்லை. ஒரே ஒரு பேஸ் கிட்டார், யாரோ பக்கத்து அறையில் நடக்கிற மாதிரி மெதுவாக. அதன்மேல் கம்பியின் குரல். பாடுகிறான் என்றுகூடச் சொல்ல முடியாது, தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். நேரம் கழித்து வீடு திரும்புகிற ஒருவனின் பாட்டு. தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டு வருகிறான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுகிறான். அப்பாவின் குறட்டை கேட்கிறது, நல்ல சகுனம் என்கிறான். பிறகு ஒரு வரி வந்தது: "ஊரில் எல்லோரிடமும் சாவி இருக்கிறது, எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்."

அந்த வரியை அவன் இரண்டு தடவை பாடினான். பாப்பா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அவன் வரும்வரை தாழ்ப்பாள் போடாமல், கூடத்தில் தூங்குவது போலக் கிடந்த ராத்திரிகள் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

கிட்டார் தேய்ந்து தேய்ந்து நிற்கப்போகிற இடத்துக்கு வந்தது. அப்போது பாட்டுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. நாற்காலி நகரும் சத்தம். பிறகு இளம்பெண் ஒருத்தியின் குரல், கொஞ்சம் அதட்டலாக:

"பூட்டலை. தள்ளிட்டு உள்ள வாங்க."

கதவு கிறீச்சிட்டது. பாட்டு முடிந்துவிட்டது.

பாப்பாவுக்கு அந்த மத்தியானம் அப்படியே வந்து நின்றது. மாடிப்படியின் எதிரொலி வேண்டும் என்று கம்பி நடையில் உட்கார்ந்து கிட்டாரோடும் டேப்ரிக்கார்டரோடும் என்னவோ செய்துகொண்டிருந்தான். அப்பாவுக்கு முதல் பல்செட் வரவேண்டிய நாள். தட்டியது யார் என்று பார்த்தால், காதோரம் வியர்வை வழிய ஓர் இளைஞன், அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவளைப் பார்த்ததில் யாருக்குப் பல் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அந்த இளைஞன்தான் இப்போது நரைத்த தலையோடு எதிரே நின்று, வேறு யாருடைய பல்லையோ பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கிறான்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் பல்லுக்காரர். "நான் தட்டினதும் நீ சொன்னதும் அதுல இருக்குன்னு உனக்குத் தெரியும், அதான் வெக்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கறேன்னு நெனச்சேன்."

இடி மெல்லச் சிரித்தார். அந்தக் குரல் யாருடையது என்று கேட்டுக் கேட்டுக் கம்பியிடம் வாய் வலித்ததுதான் மிச்சம், கடைசிவரை சொல்லவில்லை, ஏதோ நாடகத்திலிருந்து எடுத்தான் என்று நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்றார்.

பாப்பா அழுதாள். வெட்கப்பட்டுக்கொண்டெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதாள். இத்தனை வருஷம் ஒருத்தன் தன்னை, தன் வாசலை, தன் வார்த்தையை ஊரெல்லாம் கேட்கப் பாடியிருக்கிறான்; ஊரெல்லாம் கேட்டிருக்கிறது; அவள் ஒருத்திதான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசல் கதவு கண்ணில் பட்டது. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

எழுந்துபோய் அதை நீக்கினாள். கதவைத் திறக்கவில்லை. வெறுமனே சாத்திவைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஏழு மணி ஆகியிருக்குமோ, ஆகவில்லையோ, கடிகாரத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பெண்பிள்ளை அழுத இடத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் இடி தொண்டையைக் கனைத்தார். "அது கெடக்கட்டும். 'ஈர விறகு' எப்படிங்க இருபத்து மூணு?" என்றார் பல்லுக்காரரிடம். உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அதுதான் போலிருக்கிறது.

பல்லுக்காரர் வாயைத் திறக்குமுன் வாசல் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று.

மூவரும் ஒலிபெருக்கியைத்தான் முதலில் பார்த்தார்கள். அது அணைந்திருந்தது. அப்படித் தட்டிய மனிதரோ கையில் பல்லோடு உள்ளே நிற்கிறார். பாப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

"பூட்டலைடா" என்றாள். "தள்ளிட்டு உள்ள வா."

கம்பி வந்தான். தோளில் பை அப்படியே இருந்தது. விரலில் சாவி தொங்கியது. "சாவி எங்கிட்டயே தங்கிடுச்சுக்கா. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. எப்போது வந்தான், எவ்வளவு நேரம் வெளியே நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாடிப்படியில் ஒன்று கேட்டால் எல்லாம் கேட்கும். அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

பிறகு பேச்சு மளமளவென்று ஓடியது. பாட்டு இருக்கட்டும், கடைசிப் பாட்டாகவே இருக்கட்டும், வீட்டுக்காரங்க பந்தி என்றார் இடி. பல்லுக்காரர் மச்சான் தோளைத் தொடப்போய், கையில் பல்செட் இருப்பதைப் பார்த்து, அதை இடியின் மடியில் வைத்துவிட்டுத் தொட்டார். ஆனால் இடி தொழில் தெரிந்தவர். சட்டென்று ஓர் இடத்தில் நின்றார்.

"மேடையில அந்தக் கடைசி வரியை யாரு சொல்றது? டேப்பைப் போட்டா செத்த மாதிரி இருக்கும்."

கம்பி அக்காவைப் பார்த்தான். "அக்கா சொன்னா நான் வாசிக்கறேன். இல்லேன்னா ஒன்பது மணிக்கு இன்னொரு பஸ் இருக்கு."

விளையாட்டாகச் சொன்னானா, வினையாகச் சொன்னானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவனிடம் எப்போதுமே கண்டுபிடிக்க முடியாது.  அப்பாவின் கடைசி நாட்களை விழுங்கியது ஒரு மேடை. அதன் பேரைச் சொன்னாலே கதவைச் சாத்துகிறவள், அதில் ஏறி, ஆயிரம் பேருக்கு முன்னால் வாயைத் திறப்பதா? மூன்று ஆண்பிள்ளைகளும் மடியில் ஒரு பல்செட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து, தம்பியின் விரல்களை அந்தச் சாவியின்மேல் மடக்கி மூடினாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். மேடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் பால் காய்ச்சுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

இந்தத் தடவை அடுப்பைப் பற்றவைக்க மறக்கவில்லை. பாத்திரத்தை ஏற்றிவிட்டு, யாரும் கேட்காத தைரியத்தில், சுவரைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "பூட்டலை. தள்ளிட்டு உள்ள வாங்க." அந்தப் பழைய குரல் வரவில்லை. வயதான யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் அதட்டலாகச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த மத்தியானத்தையும் அட்டைப் பெட்டியையும் நினைத்துக்கொண்டு மூன்றாம் தடவை சொன்னபோதுதான், கூடத்தில் மூவரும் வெகுநேரமாகப் பேச்சை நிறுத்திவிட்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.